வியாகுலம்மாள் போட்ட வட்டங்கள்

வியாகுலம்மாள் ராயபுரத்துக்காரி. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய கணவர் இறந்த பிறகு, 1966-இல், ஓர் ஆஸ்பத்திரியில் ஆயாவாகச் சேர்ந்தாள். வார்டைக் கூட்டுவதும் சாப்பிட்ட தட்டுகளை எடுப்பதும் அவள் வேலை. எந்தத் தட்டில் எவ்வளவு மிச்சம் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

முதல் வருடம் பெண்கள் வார்டில் பல்லில்லாத ஒரு கிழவிக்குத் தினமும் காய்ந்த ரொட்டி வந்தது. அது அப்படியே திரும்பிப் போனது. நமக்கென்ன என்று வியாகுலம்மாள் எடுத்துப்போய்க் கொட்டினாள். ஒரு மாதத்தில் கிழவி போய்விட்டாள். நோயால்தான் என்றார்கள். வியாகுலம்மாளுக்கு மனசு ஆறவில்லை.

அடுத்த வருடம் அவளை ஆண்கள் வார்டுக்கு மாற்றினார்கள். அங்கே காஜா மொய்தீன் என்ற பட்டறைத் தொழிலாளி இருந்தார். நீராவிக் குழாய் வெடித்து இரண்டு கைகளும் வெந்து, முழங்கைவரை கட்டு. சமையல்கட்டு ஆள் சோற்றை ஸ்டூலில் வைத்துவிட்டுப் போய்விடுவான். தட்டெடுக்க வந்த முதல் நாளே அவள் நின்றுவிட்டாள்.

“இன்னா நைனா, ஒரு வாய்கூட துன்னலியே?”

“எத்தால துன்றது ஆயாம்மா? சாய்ங்காலம் எம் பொஞ்சாதி ஜீனத் வந்து ஊட்டும். அதுவரிக்கும் இப்டியேதான்.”

“யார்னா ஊட்டுங்கன்னு கேக்கறதுதானே?”

“மூணு புள்ளிங்களுக்கு அப்பன். வெக்கமா கீது.”

கையைக் கழுவிவிட்டு வந்து சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே மென்றார்.

“கூட்டுற வேலை அப்படியே கிடக்கு, இங்க உட்கார்ந்துகிட்டு என்ன பண்றே?” என்று நர்ஸ் ஃப்ளோரன்ஸ் அதட்டினாள்.

மறுநாள் காலை டாக்டர் வந்தார். மூன்று வாரமாகியும் புண் ஆறவில்லையே என்று மருந்தை மாற்றி எழுதினார். டாக்டர் சுற்றிவரும்போது ஆயாக்கள் வாய் திறக்கும் வழக்கமில்லை. வியாகுலம்மாள் திறந்தாள்.

“சார், பகல்ல அவரு சாப்புடறதே இல்ல.”

டாக்டர் கேஸ் ஷீட்டைப் புரட்டினார். “மூணு வேளையும் கொடுத்ததா எழுதியிருக்கே?”

“குட்த்தாங்க சார். துன்னாரான்னு யாரும் பாக்கல.”

ஃப்ளோரன்ஸ் முறைத்தாள். டாக்டர் சமையல்கட்டில் அரிசி மூட்டை நிறுக்கும் தராசைக் கொண்டுவரச் சொன்னார். சேரும்போது ஐம்பத்தெட்டு கிலோ இருந்தவர் இப்போது நாற்பத்தாறு. மற்றவர்களையும் நிறுத்துப் பார்த்ததில் இன்னும் ஏழு பேர் மெலிந்திருந்தார்கள். அதில் ஒருவருக்கு வாயெல்லாம் புண். அது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு தாள் தொங்கியது. எழுதத் தெரியாத வியாகுலம்மாள் அதில் வட்டம் போட்டாள்: தட்டு காலியானால் முழுவட்டம், பாதியானால் அரைவட்டம், தொடவில்லையென்றால் ஒரு கோடு. கோடு விழுந்த கட்டிலில் டாக்டர் கூடுதல் நேரம் நின்றார். காஜா மொய்தீனுக்கு முட்டையும் பாலும் கூட்டி எழுதினார். பகலில் ஊட்டும் வேலையை வியாகுலம்மாளுக்கே கொடுத்தார்.

இரண்டு மாதத்தில் புண் மூடியது. இடது கையில் இரண்டு விரல்கள் மட்டும் மடங்கவில்லை. பட்டறையில் அவரை வாட்ச்மேனாக வைத்துக்கொண்டார்கள்.

அந்த டாக்டர் மாற்றலாகிப் போனதும் தாள்கள் நின்றுபோயின. வியாகுலம்மாள் அதன்பிறகும் பதினோரு வருடம் வேலை பார்த்தாள். யார் தட்டு அப்படியே இருக்கிறது என்று புது டாக்டர்களிடமும் போய்ச் சொன்னாள். சிலர் கேட்டார்கள். கேட்காதவர்களிடம் மறுநாளும் போய்ச் சொன்னாள்.