பிரேக் மாஸ்டர் குப்பை கொளுத்தினார்

என் வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுத்தருகிறவர். பயிற்சிக் காரில் அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்து மிதித்தே பிரேக் மாஸ்டர் என்று பெயர் வாங்கிவிட்டார். அந்த வலது கால் வீட்டிலும் சும்மா இருக்காது. டிவியில் யாராவது ஓடினால் மிதிக்கும். நான் கொஞ்சம் வேகமாகப் பேசினாலும் மிதிக்கும்.

"செருப்பு தேஞ்சிடும், கால எடுங்க" என்பேன்.

"பதறாத காரியம் சிதறாது" என்பார். என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதம் சொல்லவே ஒரு வருடம் எடுத்துக்கொண்டவர். கேட்டால், யோசித்தாராம்!

இப்படிப்பட்டவரிடம் போய் வாசல் குப்பையைக் கொளுத்தச் சொன்னது என் தலையெழுத்து. வேலிச் செடியை வெட்டிப்போட்ட கிளையும் சருகும் கேட்டை மறைத்துக்கொண்டு கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை எங்கள் மகளைக் கேட்டு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். பிள்ளைகள் இருவருக்கும் மனசு ஒத்துப்போய்விட்டது. பையனின் அப்பா, மரச்சாமான் கடைக்காரர், அவர்தான் முறுக்கிக்கொண்டு நின்றார். குடும்பத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வாராம். அவர் வேண்டாமென்றால் பையன் மீற மாட்டான். என் மகள் அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை.

"என்னங்க, இன்னைக்காவது கொளுத்துங்க."

விரலை நக்கி மேலே தூக்கிப் பிடித்தார். "காத்து இருக்கு."

மறுநாள் காற்று இல்லை. ஹோஸ் பைப் எட்டவில்லை என்றார். நீளமான பைப் வந்தது. கொளுத்தும் முன் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்ல வேண்டும், அது நகராட்சி விதி என்றார். போன் செய்தால், "இன்னைக்கு ரொம்ப வறட்சி, யாரும் கொளுத்தக் கூடாது" என்றார்களாம். இவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

பிறகு குவியல் மரத்தடியில் இருக்கிறது என்று முழுவதையும் வெட்டவெளிக்கு இழுத்தார். உள்ளே பூனை தூங்கினால் பாவம் என்று புரட்டிப் போட்டார். பிளாஸ்டிக் எரிக்கக் கூடாது என்று பிஸ்கட் உறைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். எனக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது.

"தப்பித்தவறி வீடு பத்திக்கிச்சுன்னா?" என்றார்.

"வாயக் கழுவுங்க!"

"நெருப்புன்னு சொன்னா வாய் வெந்துடுமா? சொல்லாம விட்டாத்தான் வீடு வேகும்."

ஞாயிறு காலை காற்று அசையவில்லை. நிலையத்திலும் சரி என்றுவிட்டார்கள். ஒருவழியாகத் தீக்குச்சி கிழித்தார். ஒரு கையில் ஹோஸ், பக்கத்தில் மண்வெட்டி. சின்னக் கும்பலாக வைத்து, அது எரிந்த பிறகு அடுத்ததை அள்ளிப் போட்டார். தீ சோம்பேறித்தனமாகப் புகைந்தது.

சாயங்காலம் வரவேண்டிய கார் அப்போதே வந்து நின்றது. கடைக்காரர் எதிலும் அவசரக்காரர். மனைவிக்கும் மகனுக்கும் முன்னால் குதித்து இறங்கினார். இடது புருவம் பாதிதான் இருந்தது. வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

"வாங்கண்ணா" என்றேன்.

அவர் குப்பையைத்தான் பார்த்தார். "என்ன சார், இப்படி எரிச்சா அடுத்த வருஷம்தான் முடியும்!" என்று டிக்கியைத் திறந்து பெட்ரோல் கேன் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார்.

"வேணாம் சார்" என்றார் இவர்.

"அட, நான் பாத்துக்கறேன்."

"வேணாம், தள்ளிப் போங்க!"

அவர் நடந்துகொண்டே மூடியைத் திருகினார். நான் இவரைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினேன். இன்று ஒருநாள் விட்டுக்கொடுங்கள், பெண்ணின் வாழ்க்கை! இவருடைய வலது கால் தரையை அழுத்தியது. ஹோஸ் திரும்பியது. முதலில் தீ அணைந்தது. அப்போதும் கேனோடு வந்தவர் நிற்கவில்லை. அடுத்த பீய்ச்சல் கடைக்காரர் நெஞ்சில்.

தொப்பலாக நின்றார் மனிதர். ஜன்னலில் நின்ற மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. பையனின் அம்மா! "போன வருஷம் நம்ம வீட்டுல இதே மாதிரி ஊத்தித்தானே அந்தப் புருவம் போச்சு? அன்னைக்கு உங்களத் தடுக்க ஆள் இல்லாமப் போச்சு."

கடைக்காரர் புருவத்தைத் தடவினார். கேனை மூடிக் காரில் வைத்துவிட்டு வந்து சட்டையைப் பிழிந்தார். "சரி, உள்ள போய்ப் பேசுவோம்."

"சாம்பல் ஆறாம நான் நகர முடியாது சார்" என்றார் என் வீட்டுக்காரர்.

தொலைந்தது, எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். கடைக்காரர் ஈரத் தலையை உதறிக்கொண்டு சாம்பலோரம் வந்து நின்றார்.

"அப்ப நாற்காலிய இங்க கொண்டாந்து போடச் சொல்லுங்க சம்பந்தி."

சம்பந்தி என்றார்! அந்த நிமிடம் என் வீட்டுக்காரரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. சாம்பலைச் சுற்றி உட்கார்ந்துதான் கல்யாணம் பேசினோம். நடுநடுவே இவர் எழுந்துபோய்ச் சாம்பலைக் கிளறித் தண்ணீர் ஊற்றினார். சூடு போனபிறகு நிலையத்துக்குப் போன் செய்து முடிந்தது என்று சொன்னார். அப்புறம்தான் டீ குடித்தார்.

கிளம்பும்போது சம்பந்தி பின்னால் பார்க்காமல் காரைச் சர்ரென்று எடுத்தார். என் வலது கால் தரையை அழுத்தி மிதித்தது.

இவர் குனிந்து பார்த்தார்.

"செருப்பு தேஞ்சிடும்" என்றார்.