“மாட்டேன் சார், அழிக்க மாட்டேன்!”

போன சாரல் சீசனில் நடந்தது இது. தென்காசியில் வீட்டு மாடியறையில் இருந்தபடியே ஒரு சென்னை மென்பொருள் நிறுவனத்துக்கு வேலை பார்க்கிறேன். எங்கள் ஊர் மருத்துவமனை ஒன்றின் ரிப்போர்ட்டுகளைச் சேமித்து வைக்கும் சர்வரைக் கவனிப்பதும் என் பொறுப்பு.

ஒருநாள் காலை பத்து மணிக்கு அந்த சர்வர் நின்றுவிட்டது. அதில் துளி இடம் மிச்சமில்லை. நோயாளிகள் வரிசையில் காத்திருக்க, டாக்டரால் யாருடைய ரிப்போர்ட்டையும் திறக்க முடியவில்லை.

டெர்மினலைத் திறந்தேன். கட்டளைகளைத் தட்டச்சு செய்து வேலை வாங்கும் கறுப்புத் திரை அது. இப்போது அதற்குள்ளேயே ஏஐ வந்துவிட்டது. பிரச்னையைச் சொன்னால் கட்டளையை எழுதிக் கொடுத்துவிடும். நாம் என்டர் தட்டினால் போதும். நானும் பல நாள் படிக்காமலே தட்டியவள்தான்.

சர்வரில் இடம் வேண்டும் என்று ஏஐயிடம் கேட்டேன். ‘ஓல்டு’ என்ற ஃபோல்டர்தான் பெரியது, பழைய நகல்களாக இருக்கலாம், அழிக்கலாம் என்று சொல்லிக் கட்டளையையும் நீட்டியது. அந்த ‘இருக்கலாம்’ எனக்கு உறுத்தியது.

சென்னையிலிருந்து மேலாளர் என் திரையைப் பார்த்தபடி போனில் இருந்தார். “அதான் சொல்லுதே, தட்டுங்க.”

“உள்ளே என்ன இருக்குன்னு பார்த்துட்டுத் தட்டுதேன் சார்.”

“தென்காசில உட்கார்ந்துக்கிட்டு எனக்கே பாடம் எடுக்கறீங்களா? உங்களால முடியலைன்னா நாளைக்கு வேற ஆளைப் போட்டுக்கறேன்.”

குழந்தை பிறந்த பிறகு மூன்று வருடம் அலைந்து வாங்கிய வேலை. பயம் இருந்தது நிஜம். ஆனால் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது.

“போட்டுக்கோங்க சார். பார்க்காம அழிக்க மாட்டேன்” என்று சொல்லி, மருத்துவமனை ஸ்கேன் பிரிவு ஊழியரை இன்னொரு போனில் ஸ்பீக்கரில் கூப்பிட்டேன்.

“அண்ணாச்சி, ‘ஓல்டு’ன்னு ஒண்ணு இருக்குல்லா, அதுல என்ன வச்சிருக்கீய?”

“அதாம்மா? மத்ததுல இடம் இல்லன்னு ஒரு மாசமா எல்லா ஸ்கேனையும் அங்கனதான் போடுதோம். வேற எங்கயும் காப்பி கிடையாது. ஏன், என்ன ஆச்சு?”

மேலாளருக்கும் அது கேட்டது.

“எதையும் அழிக்காதே, எதெது இடத்தை அடைக்கிறது என்று மட்டும் காட்டு” என்று ஏஐயிடம் கேட்டேன். சர்வர் தன் இயக்கத்தைத் தானே குறித்து வைக்கும் பதிவுக் கோப்புகள் மாதக்கணக்கில் குவிந்து கிடந்ததைக் காட்டியது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, வேண்டாததை நீக்கினேன். கால் மணி நேரத்தில் சர்வர் எழுந்துவிட்டது.

அந்த வாரக் கூட்டத்தில் மேலாளர், “ஏஐ இருந்ததால சீக்கிரம் முடிஞ்சுது” என்றார். நான் விடவில்லை. அழிக்கச் சொன்னது யார், மறுத்தது யார் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. என் வேலையும் போகவில்லை.

ஏஐயை இன்றும் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் தென்காசி பஸ் ஸ்டாண்டில் கையில் ஸ்கேன் கவரோடு நிற்கும் யாரைப் பார்த்தாலும், அன்று பணிந்து போகாதது எவ்வளவு சரி என்று நினைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தே நடக்கிறேன்.