செல்லின் உடல் எந்தப் பக்கம்?

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு ஆமை என்று பெயர். வைத்தது தங்கையின் புருஷன். அவனுக்கும் அவளுக்கும் ஒரே படிப்பு, ஒரே வேலை, அடுத்தடுத்த மேசை. நரம்பு செல்லைப் படம் பிடிக்க அவள் நுண்ணோக்கி முன் உட்கார்ந்தால் காபி ஆறிப்போகும், கால் மரத்துப்போகும், அவள் அசையமாட்டாள்.

"எங்க அக்கா ஓட்டுக்குள்ள போயாச்சு. இனி சாயந்திரம்தான் தலை வெளிய வரும்" என்பான். கூடமே சிரிக்கும். அவளும் சேர்ந்து சிரித்தவள்தான்.

அவள் படம் பிடித்ததும் ஊர்ந்து போகிற ஒன்றைத்தான். நரம்பு செல்லின் உடல் ஒரு கோடியில் இருக்கும். அதிலிருந்து நூல்போல ஓர் இழை வெகுதூரம் நீளும். நுனிக்கு வேண்டிய எல்லாப் புரதத்தையும் உடலிலேயே செய்து அனுப்பிக் கட்டுப்படியாகாது. அதனால் சிலவற்றுக்குச் செய்முறையையே அனுப்பிவிடுகிறது செல். ஆர்.என்.ஏ. என்பது அந்தச் செய்முறை. அதைப் புரதங்களோடு சேர்த்துப் பொட்டலம் கட்டி, இழைக்குள் ஓடும் நுண்குழாய்களின் மேல் நடந்து போகும் மூலக்கூறுகளின் முதுகில் ஏற்றிவிடும். பொட்டலம் கொஞ்சம் ஓடும், நிற்கும், எதையோ மறந்துவிட்டதுபோலப் பின்னால் வரும், மறுபடி ஓடும். ஒளிரும் சாயம் ஏற்றினால் கறுப்புத் திரையில் பச்சைப் புள்ளிகளாக இந்தக் கூத்தெல்லாம் தெரியும்.

நுனியைத் தூண்டிவிட்டால் ஒருவகை ஆர்.என்.ஏ. மட்டும் எங்கும் நிற்காமல் நுனியை நோக்கி ஓடுவதை அவள்தான் முதலில் பார்த்தாள். இன்னொரு முறை சரிபார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று படத்தைப் பொதுக் கணினியில் போட்டு வைத்தாள். அதற்குள் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். அம்மாவை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துக்கொண்டு, திரும்பி வந்த அன்று இயக்குநர் அம்மாள் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"உங்க தங்கச்சி வீட்டுக்காரர் அசத்திட்டார் போங்க! தூண்டிவிட்டா ஆர்.என்.ஏ. நுனியிலருந்து உடம்புக்குத் திரும்பி ஓடி வருதாம். அவரே படம் எடுத்திருக்கார். வெளியூர் ஆளுங்க எல்லாரையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டுட்டேன்."

அவன் மாமியாருக்கு இவள் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த நேரத்தில் மருமகன் செய்த காரியம் இது. மேசைக்குப் போய் உட்கார்ந்த பிறகுதான் "திரும்பி ஓடி வருதாம்" என்பது மண்டையில் ஏறியது.

அந்தக் கூடத்தில் ஒரு பழக்கம் உண்டு. படத்தில் செல்லின் உடல் எப்போதும் இடப்பக்கம் இருக்க வேண்டும். இழையை மட்டும் நெருக்கி எடுத்த படத்தில் உடல் தெரியாவிட்டாலும், இடப்பக்கம்தான் என்று எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். அவள் படம் பிடித்த அன்றைக்கு மாட்டிய செல் வலப்பக்கம் உடலை வைத்துக்கொண்டு படுத்திருந்தது. சாயம் மங்குவதற்குள் எடுத்துவிட வேண்டுமென்று அப்படியே எடுத்திருந்தாள். பிறகு திருப்பிக்கொள்ளலாம் என்று விட்டது. திருடியவன் திருப்பாமலே திருடியிருக்கிறான். செல் முழுவதும் தெரியும் அகலப் படம் அவள் கைப்பையில் கிடந்த பென்டிரைவில் இருந்தது.

கூட்டத்துக்கு முந்தின நாள் அவன் அவள் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"அக்கா, பொதுவா கேக்கறேன்... உடம்பு இடப்பக்கம்தான?"

"எந்தப் படத்துல?"

"இல்ல... சும்மா, பொதுவா."

"உங்க படம்னா உங்களுக்குத்தான் தெரியும் மாப்ள. இல்ல, வேற யாரோட படமா?"

'உங்க படம்தான்க்கா' என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்த நிமிடமே சொல்லிக் கொடுத்திருப்பாள். காத்திருந்து பார்த்தாள். அவன் காபி எடுத்து வருவதாகச் சொல்லிப் போய்விட்டான்.

அரங்கம் நிரம்பியிருந்தது. தங்கை புதுப்புடவையில் முன்வரிசையில் இருந்தாள். பச்சைப் புள்ளிகள் வலமிருந்து இடமாக ஓட, அவன் குரலை உயர்த்தி, "இதோ, வீடு திரும்புது!" என்றான். கைதட்டல் அடங்கும்வரை ஆமை பொறுத்தது. பிறகு எழுந்தது.

"செல் உடம்பு எங்க இருக்கு மாப்ள?"

"இடப்பக்கம். படத்துக்கு வெளிய."

"கண்ணால பாத்தீங்களா?"

"நான்தான எடுத்தேன்!"

அந்த வார்த்தைக்காகத்தான் அவள் இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். நடந்து போய்க் கணினியில் அகலப் படத்தைப் போட்டாள். அதே இழை, அதே கிளை, அதே நாள். உருண்டு திரண்ட உடல் வலப்பக்கம் உட்கார்ந்திருந்தது. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இயக்குநர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைக் கேட்டார்.

"நீங்க எடுத்த படத்துல உடம்பு எந்தப் பக்கம்னு உங்களுக்கே தெரியாதா?"

அவன் தண்ணீர் குடித்தான். தம்ளரில் தண்ணீர் இல்லை.

வெளியே தங்கை கையைப் பிடித்து இழுத்தாள். "முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்லக்கா? நாலு பேர் முன்னாடி மானத்த வாங்கணுமா?"

"என் படத்தையும் நாலு பேர் முன்னாடிதானடி எடுத்தான்."

தங்கை அதன்பின் பேசவில்லை. வீட்டிலும் பேசவில்லை. அது வலிக்கத்தான் செய்தது. ஆனால் அன்று ஆமை இரண்டு முறை சோறு போட்டுச் சாப்பிட்டது.

மறுநாள் காலை நுண்ணோக்கி அறை இருட்டில் அவள் புதுச் செல்லைத் தேடிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது.

"அக்கா... அது உங்க படம்தான்க்கா."

அவள் கண்ணை எடுக்கவில்லை.

"வெளிச்சம் வருது மாப்ள. கதவச் சாத்துங்க."

அவன் உள்ளே ஒரு கால் வைத்தான்.

"வெளிய நின்னு சாத்துங்க."