கடிகார டாக்டர்

அவர் டாக்டர் இல்லை, உளவியலாளர். ஆனால் லிஃப்ட் தயாரிக்கும் அந்தத் தொழிற்சாலையில் எல்லோரும் அவரைக் "கடிகார டாக்டர்" என்றே கூப்பிட்டார்கள். அதற்குக் காரணம் இருந்தது.

பதினோரு வருடம் அவர் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் வேலை பார்த்தார். வீட்டில் வாய் ஓயாமல் பேசி, பள்ளிக்கூடத்தில் ஒரு வார்த்தைகூடப் பேசாத குழந்தைகள் அவரிடம் வருவார்கள். தரையில் உட்கார்ந்து மரக்கட்டைகளை அடுக்கி அடுக்கியே அவர்களைப் பேச வைத்துவிடுவார். அப்படிப் பேசத் தொடங்கிய ஒரு சிறுமியின் அப்பாதான் லிஃப்ட் தொழிற்சாலையின் பணியாளர் நிர்வாகி. ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"குழந்தைங்களைப் பேச வெச்சுட்டீங்க மேடம். எங்க முதலாளியைக் கொஞ்சம் பேசாம இருக்க வைக்க முடியுமா?"

வேடிக்கையாக இல்லை, உண்மையாகவே கேட்டார். ஒரே வருடத்தில் மூன்று துறைத் தலைவர்கள் வேலையை விட்டுப் போயிருந்தார்கள்.

முதலாளி நல்ல மனிதர். கை நீட்டி வரவேற்றார். "எனக்கு என்ன மேடம், பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்று சிரித்தபடி ஆரம்பித்தவர், தொழிற்சாலை பிறந்த கதையையும் வளர்ந்த கதையையும் நாற்பது நிமிடம் சொன்னார். கடைசியில், "உங்ககிட்ட பேசினது ரொம்பத் திருப்தியா இருந்துது. நல்லாப் பேசறீங்க" என்றார். உளவியலாளர் அதுவரை சொன்னது "வணக்கம்", "ஓகோ" என்ற இரண்டு வார்த்தைகள்தான்.

அடுத்த ஒரு வாரம் முதலாளி நடத்திய கூட்டங்களில் எல்லாம் சுவரோரம் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மடியில் நோட்டு, கையில் ஸ்டாப்வாட்ச். யார் எத்தனை வினாடி பேசினார்கள் என்று மட்டும் குறித்துக்கொண்டார். வாரக் கடைசியில் ஒரே ஒரு தாளை நீட்டினார். ஒரு மணி நேரக் கூட்டத்தில் முதலாளி பேசியது ஐம்பத்தொரு நிமிடம். மற்றவர்களில் யாராலும் ஒரே மூச்சில் பதினொரு வினாடிக்கு மேல் பேச முடியவில்லை.

"இது கொஞ்சம் அநியாயம், ஏன்னா..." என்று ஆரம்பித்து முதலாளி ஆறு நிமிடம் விளக்கினார். உளவியலாளர் அதையும் குறித்துக்கொண்டார். முதலாளியின் முகம் சிவந்துவிட்டது.

பத்து நாள் முதலாளியிடமிருந்து பேச்சு மூச்சில்லை. வேலை போய்விட்டது என்றே உளவியலாளர் நினைத்தார். வீட்டில் நாத்தனாருக்குக் கொண்டாட்டம். "கோடீஸ்வரனுக்கே புத்தி சொல்லப் போனியே அண்ணி, அவன் என்ன சின்னப் பிள்ளையா, கட்டையை அடுக்கி விளையாட?"

பதினோராவது நாள் முதலாளியே போன் செய்தார். குரல் தாழ்ந்திருந்தது.

"வீட்லயும் அளந்து பாத்தேன் மேடம். சாப்பாட்டு மேசையில. அங்க நிலைமை இன்னும் மோசம். என் பையன் ஒரு வார்த்தைகூடப் பேசல. இத்தனை நாளா அவன் அமைதியான பையன்னு நினைச்சிட்டிருந்தேன்."

உளவியலாளர் தந்த பயிற்சி எளிமையானது. ஒரு கேள்வி கேட்க வேண்டும். பிறகு மனதுக்குள் பன்னிரண்டு வரை எண்ண வேண்டும். முதல் நாள் முதலாளியால் நான்கைத் தாண்ட முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவது வாரத்தில் பன்னிரண்டைத் தொட்டார்.

அன்றைய கேள்வி: "புது லிஃப்ட் கதவு ஏன் மாட்டிக்குது?"

அறை நிசப்தமானது. ஒன்று, இரண்டு, மூன்று. யாரோ பேனாவை உருட்டினார்கள். ஒன்பதாவது எண்ணில், தரப் பரிசோதனைப் பிரிவுப் பெண்மணி தொண்டையைச் செருமினார்.

"கதவுக்குக் கீழ இருக்கற ரப்பர் சார். ஈரம் பட்டா உப்பிடுது."

"இது எப்போலேர்ந்து தெரியும்?"

"போன வருஷமே மூணு தடவை சொல்ல வாயெடுத்தேன். மூணு தடவையும் நீங்க 'சரி, அடுத்தது'ன்னுட்டீங்க."

எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். முதலாளி வாயைத் திறந்தார், மூடினார், சுவரோர நாற்காலியைப் பார்த்தார். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, "மேல சொல்லுங்கம்மா" என்றார். அந்தப் பெண்மணி இருபது நிமிடம் பேசினார். ரப்பர் மாறியது; கதவுகள் ஒழுங்காக மூடின.

செய்தி வாய் வழியாகப் பரவியது. உளவியலாளர் மருத்துவமனையை விட்டு, மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே ஓர் அறை எடுத்தார். படியேறி வருபவர்களில் பாதிப் பேர் கண் பரிசோதனைக்கு வந்து வழி தவறியவர்கள். எல்லாமே வெற்றி என்றும் சொல்ல முடியாது. மேலிடம் அனுப்பியதால் வந்த ஓர் அதிகாரி, "பயிற்சி முடிஞ்சுதுன்னு ஒரு கடிதம் குடுங்க, போதும்" என்றார். இரண்டாம் சந்திப்பிலேயே உளவியலாளர் அவரை வழியனுப்பி வைத்தார்.

ஐம்பது வயதில் நான்கு உளவியலாளர்களை வேலைக்குச் சேர்த்தபோதுதான் ஒன்று உறைத்தது: தலைவர்களுக்கே பயிற்சி தந்தவர் அதுவரை யாருக்கும் தலைவராக இருந்ததில்லை. அந்த நால்வரும் வாடிக்கையாளர்களுக்காக எழுதிய அறிக்கைகளை வீட்டுக்குக் கொண்டுபோய் வரிக்கு வரி திருத்தினார். நால்வரில் மூத்தவர், முன்பு பள்ளி ஆலோசகராக இருந்தவர், ஒருநாள் சொல்லிவிட்டார்.

"மேடம், நீங்க திருத்தினதுல என்னோடதுன்னு மிஞ்சினது என் கையெழுத்து மட்டும்தான்."

சுருக்கென்றது. யாரிடமும் சொல்லாமல், பக்கத்து நகரத்தில் இதே தொழில் செய்யும் ஒரு பெரியவரிடம் பயிற்சிக்குப் போனார். "ஏன் திருத்தறீங்க?" என்று பெரியவர் கேட்ட முதல் கேள்விக்கு மணி மணியாகப் பதில் சொன்னார். பெரியவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "இதைப் பஸ்லயே தயார் பண்ணிட்டு வந்துட்டீங்களாம்மா?" என்றார். கையும் களவுமாகப் பிடிபட்டவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அதன் பிறகுதான் உண்மையான பதிலைச் சொன்னார்: "தப்பா போயிடுமோன்னு பயமா இருக்கு சார்."

அடுத்த திங்கட்கிழமை, மூத்தவர் எழுதிய அறிக்கையைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் வாடிக்கையாளருக்கு அனுப்பச் சொன்னார். அன்று முழுவதும் நிலைகொள்ளாமல் அறைக்குள் நடந்தார். அறிக்கையில் இரண்டு எழுத்துப்பிழைகள் இருந்ததாகப் பின்னால் தெரிந்தது. வாடிக்கையாளர் ஒப்பந்தத்தை இன்னொரு வருடத்துக்கு நீட்டித்து, "எழுதினவரையே அனுப்புங்க" என்று கேட்டிருந்தார்.