நான் நிற்காத குச்சிகள்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போய்விட்டது. எண்கள் மட்டும் தெரியும். அந்தத் தகுதியை நம்பித்தான், கொல்லங்கோட்டிலிருந்து எங்கள் சூரியநெல்லிக்கு வந்த ஆராய்ச்சிப் பெண் என் முதுகில் ஒரு பெட்டியை மாட்டினாள்.

அது ரிசீவர். அதற்கு அலை அனுப்பும் பெட்டி தேயிலை ஃபேக்டரி மொட்டைமாடியில் இருந்தது. அவளும் அங்கேயே இருப்பாள். சரிவில் முப்பது குச்சிகள் நட்டு எண் எழுதியிருந்தாள். ஒவ்வொரு குச்சியருகிலும் நான் நின்று, அதன் எண்ணைப் பெட்டியில் அமுக்கி, நூறு எண்ணும்வரை அசையாமல் இருக்க வேண்டும்.

"எதுக்கு தாயி இந்தத் தவம்?"

"சிக்னல் நேராவும் வருதுங்கண்ணா, பாறையில முட்டி லேட்டாவும் வருதுங்க. வேகமா அனுப்புனா முந்தினதோட எதிரொலி அடுத்தது மேல உழுந்துரும். அதனால நூத்துக்கணக்கான அலையில பிரிச்சு, ஒவ்வொண்ணுலயும் மெதுவா அனுப்பறோம். மல்டிகேரியர்னு பேருங்க. ஒண்ணு அனுப்பி அடுத்தது அனுப்பறதுக்கு நடுவுல கொஞ்சம் இடைவெளியும் உடுவோம்."

"எம்புட்டு இடைவெளி?"

"கடைசி எதிரொலி வந்து சேர்ற வரைக்குமுங்க. அதைத்தான் நீங்க அளந்து தரப்போறீங்க. அதிகமா உட்டா வேகம் போயிரும், கம்மியா உட்டா செல்லுல பாக்கற படம் ஒடஞ்சிரும்."

"எம் பொண்டாட்டிகிட்ட அளந்து பாரு. இடைவெளியே கெடையாது."

சிரித்தாள். யாராவது சிரித்துவிட்டால் அன்றைக்கு எனக்கு வேலை ஓடாது. அடுத்த கிண்டலை யோசித்துக்கொண்டே திரிவேன்.

பள்ளத்தில் பாறைக்கு எதிரே, தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் கீழ் லயத்து வீடுகளில் நெட் வராது. அங்கே படம் உடையாமல் ஓடிக் காட்டினால்தான் அவளுடைய ஆராய்ச்சி மேற்கொண்டு நடக்கும். இதையும் சொல்லித்தான் அனுப்பினாள்.

மேல்சரிவுக் குச்சிகளில் யோக்கியமாக நின்றேன். பள்ளத்துக்கு இறங்கப் போகும்போது மழை பிடித்தது. காலெல்லாம் அட்டை. போதாததற்கு, வழியில் ஆவி பறக்க யானைச் சாணி. ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் ஒதுங்கி, அடுத்த எண்ணை அமுக்கினேன். நூறு எண்ணினேன். அதற்கு அடுத்த எண். அப்படியே முப்பது வரை முடித்துவிட்டு வெற்றிலை போட்டேன். உட்கார்ந்த இடத்திலேயே மலையை அளந்தவன் என்று பெருமை வேறு.

சாயங்காலம் லேப்டாப்பைப் பார்த்தவள் நெற்றியைச் சுருக்கினாள்.

"பள்ளத்துலயும் எதிரொலி இவ்வளவு சீக்கிரம் முடியுதுங்களே. குச்சிகிட்டயே நின்னீங்களாங்கண்ணா?"

"நிக்காம? அட்டை கடிச்ச காலப் பாரு தாயி!"

ரத்தம் வழிந்த காலைப் பார்த்ததும் பதறிப்போய் உப்பு வாங்க ஓடினாள். அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை.

சில மாதம் கழித்து, என் அளவுகளை வைத்து அவள் புதிதாகச் செய்த ரிசீவரோடு, அவள் ஆராய்ச்சியை மேற்பார்க்கும் சாரும் வந்தார். கீழ் லயத்தில், கடைசி வீட்டு வாசலில் வைத்தார்கள். படம் ஒரு நொடி வரும், சதுரம் சதுரமாக உடையும், நிற்கும். லயத்துப் பெண்கள் எட்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்கள்.

"இடைவெளியை ரொம்பக் கொறைச்சிருக்கியே, ஏன்?" என்றார் சார்.

"என் கணக்குத் தப்புங்க சார்."

நான் அவர் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டிருந்தேன். எதற்கும் வாய் ஓயாதவன். அன்றைக்குக் குடையைச் சாரின் தலைக்கு மேலே சரிசெய்வதிலேயே குறியாக இருந்தேன். அவளும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ.

பத்து நாள் தள்ளிப்போட்டேன். பிறகு சிக்னல் கிடைக்கும் மேல் ரோட்டு வளைவுக்கு ஏறிப்போய் அவளுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளியே பிடித்திருந்தேன்.

திட்டவில்லை. "எந்தக் குச்சியில இருந்துங்கண்ணா மரத்தடியில உக்காந்தீங்க?" என்றாள்.

"பதிமூணு... இல்ல, பதினேழா இருக்கும் தாயி."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அதுக்கு முன்னாடி இருக்கறதையாச்சும் வெச்சுக்கறேன்."

யோசித்தேன். மழை ஞாபகம் இருந்தது, வெற்றிலை ஞாபகம் இருந்தது. எந்த எண்ணும் உறுதியில்லை, பதிமூன்றுக்கு ரொம்ப முன்னாலேயேகூட இருக்கலாம் என்றேன்.

"அப்ப முப்பதும் போச்சுங்க."

"திரும்ப வா தாயி. எத்தன நாளானாலும் நிக்கேன்."

"பெட்டிய வேற ஒருத்தர் ஆராய்ச்சிக்குக் குடுத்துட்டாங்கண்ணா" என்றாள். பிறகு, காலில் புண் ஆறிவிட்டதா என்று கேட்டாள்.