வசனக்காவின் ஏழு மணி

கதாநாயகிகளைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வசனக்காவைப் பற்றி எழுத என்னை விட்டால் ஆள் இல்லை. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். பலகை இழைத்து, ஆணி அடித்து, அடுத்தவன் போட்ட செட்டுக்குச் சாயம் பூசி, இன்று நாலு ஷூட்டிங் ஃப்ளோருக்குச் சொந்தக்காரன். அந்த நாளில் என்னை ‘டேய் ஆணி’ என்று கூப்பிட்டவர்களின் பிள்ளைகள் இப்போது என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைதான். நடந்ததில் அந்தப் பெருமைக்கும் பங்கு உண்டு என்பதால் முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

ஏழு மணி சீரியல் ஒன்று ஆறு வருடம் என் மூன்றாம் ஃப்ளோரில் நடந்தது. அதில் வருகிற பெரிய வீட்டைக் கட்டியவன் நான். ஒட்டுப்பலகைத் தூண்கள், மேலே எங்கேயும் போகாத மாடிப்படி, திறந்தால் பின்னால் வயரும் பக்கெட்டும் தெரிகிற படுக்கையறைக் கதவு. அந்த வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று ஜனங்கள் கடிதம் போட்டுக் கேட்டார்கள். அவ்வளவு நேர்த்தி.

அந்த வீட்டில் தினமும் நின்று, ஒரு நாளும் படத்தில் விழாதவர் வசனக்கா. என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். ஆனாலும் ஃப்ளோரில் எல்லோருக்கும் அவர் வசனக்காதான், எனக்கும்தான். அவர் பதிலுக்கு என்னை அண்ணே என்பார். அக்காவுக்கு அண்ணன் என்று பையன்கள் சிரிப்பார்கள்.

அவருடைய வேலை வசனம் எடுத்துக்கொடுப்பது. ஒரே நாளில் ஒரு எபிசோடு முழுவதையும் எடுத்தாக வேண்டும். யாருக்கு மனப்பாடம் செய்ய நேரம்? காமிராவுக்குப் பக்கத்தில், விளக்குக் கம்பத்தின் நிழலில், அட்டையில் தாளைச் சொருகிக்கொண்டு வசனக்கா நிற்பார். அவர் ஒரு வரி சொல்ல, நடிகை அதைக் கண்ணீரோடு திருப்பிச் சொல்வார். பிறகு வசனக்காவின் குரலை மட்டும் துடைத்து எடுத்துவிடுவார்கள். அழுகிற வசனத்தையும் சாமான் பட்டியல் வாசிப்பது போலத்தான் வாசிப்பார்.

“கொஞ்சம் உணர்ச்சியாச் சொன்னா என்னவாம்?” என்று ஒரு தடவை கேட்டேன்.

“நான் அழுதா அவங்க என்னை மாதிரி அழுவாங்கண்ணே. அவங்க அவங்களை மாதிரி அழணும்ல?”

மாமியாராக நடித்த அம்மாள், தாம் நடிக்க வந்து பதினேழு வருடம் ஆனதாகவும், வசனக்கா இல்லாவிட்டால் தம் பெயரே தமக்கு மறந்துவிடும் என்றும் சொல்வார். அது வேடிக்கைப் பேச்சு இல்லை, நிஜம்.

வசனக்காவின் வீட்டுக்காரர் பஸ் டிரைவராக இருந்தவர். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் சாய்ந்தார், ஒரு பயணிக்கும் கீறல் இல்லை. அதற்குப் பிறகு வலது பக்கம் வேலை செய்யவில்லை, பேச்சில் பாதிதான் திரும்பியது. பிள்ளைகள் கிடையாது. ஃப்ளோரிலிருந்து எட்டு நிமிட நடையில் ஒரே அறை வீடு. மதிய இடைவேளையில் வசனக்கா ஓடிப்போய் அவரைத் திருப்பிப் படுக்கவைத்து, வாயில் நாலு கவளம் ஊட்டிவிட்டு, கை கழுவவும் நேரமில்லாமல் ஓடிவருவார்.

அந்த மனிதருக்கு நாள் என்பது சாயங்காலம் ஏழு மணியிலிருந்து ஏழரை வரைதான். கதையைப் பார்க்கமாட்டார். நடிகைகளின் கண்ணைப் பார்ப்பார். முப்பது வருடம் கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டியைப் பார்த்தே ஓட்டியவர் அல்லவா? வரி மறந்த நடிகையின் கண் ஒரு நொடி நழுவி வசனக்கா நிற்கும் திசைக்குப் போகும். அதை நீங்களும் நானும் கவனிக்கமாட்டோம். அவர் பிடித்துவிடுவார். ஒரு நாள் நான் போயிருந்தபோது என் கண்ணாலேயே பார்த்தேன். மாமியார் அம்மாள் மருமகளை வீட்டை விட்டுத் துரத்துகிறார், இவர் வாயைக் கோணி இழுத்துச் சொல்கிறார்:

“தூ...ணுக்கு... இடது.”

“ஆமாங்க, தூணுக்கு இடது பக்கம்தான் நின்னேன். கால் வலின்னு ஸ்டூல் போட்டுக்கிட்டேன்” என்றார் வசனக்கா.

“தெரி...யுது. கண்ணு... தாழ.”

ஊரே கதை பார்க்கிற நேரத்தில் ஒரு மனிதர் தன் மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவள் படத்தில் இல்லாமலேயே.

இப்போது வியாழக்கிழமைக்கு வருகிறேன். எங்கள் தொழிலில் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நம்பர் வரும். எந்த நிகழ்ச்சியை எத்தனை பேர் பார்த்தார்கள் என்கிற நம்பர். எல்லா வீட்டிலும் போய் எண்ணுவதில்லை. ஏதோ சில நூறு வீடுகளில் டிவிக்குக் கீழே ஒரு பெட்டி வைத்திருப்பார்கள். அந்த வீட்டில் ஆளுக்கொரு பட்டன். பார்க்க உட்காரும்போது உங்கள் பட்டனை அழுத்த வேண்டும், எழுந்து போகும்போது அணைக்க வேண்டும். அந்தச் சில நூறு வீட்டுக்காரர்கள் அழுத்துவதுதான் ஊர் உலகத்தின் கணக்கு. எந்த வீட்டில் பெட்டி என்பது பரம ரகசியம்.

ஆறாவது வருடம் எங்கள் நம்பர் சரிய ஆரம்பித்தது. எதிர் சானலில் பாட்டுப் போட்டி. இரண்டரையில் இருந்தது இரண்டேகால் ஆனது, பிறகு ஒன்று புள்ளி ஒன்பது. சானல் அதிகாரி காரை விட்டு இறங்கி, நான் கட்டிய கூடத்தில் நின்றுகொண்டே சொன்னார்.

“ஒன்னு புள்ளி எட்டு. அதுக்குக் கீழ ரெண்டு வாரம் போச்சுன்னா நிறுத்திடுவோம். மேல பேச்சே இல்லை.”

அன்று சாயங்காலம் வசனக்கா என் அறை வாசலில் வந்து நின்றார். வேலை கேட்டோ, சிபாரிசு கேட்டோ ஒரு நாளும் வந்தவர் இல்லை.

“அண்ணே, சீரியல் நின்னுடுமா?”

“என்ன வசனக்கா, வேற சீரியல் இல்லாமலா போச்சு?”

“வேலை கெடைக்கும்ணே. ஆனா புதுசா எடுக்கறவங்க எல்லாம் காதுக்குள்ள மெஷின் வச்சிடுறாங்க. நான் ஒரு ரூம்ல உக்காந்து மைக்ல சொல்லணுமாம். நடிகைங்க கண்ணு எங்கேயும் போகாது. அவரு என்னை எங்க தேடுவாரு?”

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அது என் வாயில் வருகிற வார்த்தை இல்லை.

“நான் இருக்கேன்ல? போய் வேலையைப் பாருங்க” என்றேன்.

அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்தின மாதம் சம்பந்தி வீட்டுக்குப் போயிருந்தேன், என் மகளைக் கொடுத்த வீடு. டிவிக்குக் கீழே ஒரு சாம்பல் நிறப் பெட்டி.

“இது என்ன சம்பந்தி?”

“அதை விடுங்க. வெளிய சொல்லக்கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்காங்க.”

“அப்ப சொல்லாதீங்க” என்று அன்றைக்கு விட்டுவிட்டேன்.

இப்போது திரும்பப் போனேன். சம்பந்தியம்மாள் எங்கள் சீரியலின் பரம ரசிகை. ஏழு மணிக்கு உலகம் கவிழ்ந்தாலும் எழுந்திருக்கமாட்டார். தன் பட்டனை ஒழுங்காக அழுத்தி, முடிந்ததும் ஒழுங்காக அணைப்பவர். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அதோடு நான் திரும்பியிருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது.

“சம்பந்தி, உங்க வீட்ல அஞ்சு பட்டன். அஞ்சையும் அழுத்துங்க. காலைல இருந்து ராத்திரி வரைக்கும் எங்க சானலே ஓடட்டும். நீங்க நியூஸ் பாக்க உள் ரூமுக்கு நான் புது டிவி வாங்கித் தரேன், அதுல பெட்டி கிடையாது.”

“தப்பில்லையா?” என்றார் சம்பந்தி.

“ஒரு குடும்பத்தைக் காப்பாத்துற விஷயம். என்ன தப்பு?”

என் மகள் மட்டும் சமையலறையிலிருந்து சொன்னாள். “அப்பா, உங்களுக்கு எல்லாமே ரெண்டு ஆணி அடிச்சா நிக்கும்னு நெனப்பு.”

“நின்னிருக்குடி. இதுவரைக்கும் எல்லாம் நின்னிருக்கு” என்றேன்.

அடுத்த வியாழக்கிழமை நம்பர் இரண்டு புள்ளி ஒன்று. ஃப்ளோரில் கைதட்டல். இயக்குநர் தன் கதைத் திருப்பம் எடுபட்டுவிட்டது என்று மார்தட்டினார். நான் ஓரமாக நின்று மீசையைத் தடவிக்கொண்டேன். வசனக்காவைப் பார்த்துத் தலையசைத்தேன். அன்று அழுகைக் காட்சியில் முதல் தடவையாக அவர் குரலில் ஒரு துள்ளல் இருந்ததாக மாமியார் அம்மாள் கோபித்துக்கொண்டார்.

அதற்கடுத்த வாரமும் இரண்டு புள்ளி ஒன்றுதான். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு திரிந்தேன்.

மூன்றாவது வாரம் திங்கட்கிழமை சம்பந்தி போனில் கத்தினார்.

“மானம் போச்சு சம்பந்தி! பெட்டியைக் கழட்டிட்டுப் போயிட்டாங்க!”

நடந்தது இதுதான். எங்கள் சானலை ஒரு வீட்டில் ஐந்து பேரும் காலை ஆறிலிருந்து இரவு பதினொன்று வரை பார்க்கிறார்கள். ஒருவரும் குளிக்கவில்லை, சாப்பிடவில்லை, வேலைக்குப் போகவில்லை, கழிவறைக்குக்கூட எழுந்திருக்கவில்லை. அந்தக் கம்பெனியில் இதைக் கவனிப்பதற்கென்றே ஆள் வைத்திருப்பார்கள் என்று என் மண்டையில் உறைக்கவே இல்லை. போன் செய்து யார் யார் வீட்டில் இருக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். எடுத்தவர் சம்பந்தியம்மாள். அவருக்குப் பொய் வராது.

“எம் பையன் வெளியூர் போய் பத்து நாள் ஆச்சுங்க” என்று சொல்லியிருக்கிறார்.

அந்தப் பத்து நாளும் மாப்பிள்ளை எங்கள் சீரியலை விடாமல் பார்த்ததாகப் பெட்டி சொல்லியிருந்தது.

அந்த வீட்டையே கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்த வியாழக்கிழமை ஒன்று புள்ளி ஏழு. அடுத்த வியாழக்கிழமையும் ஒன்று புள்ளி ஏழு. சானல் அதிகாரி காரை விட்டு இறங்கவில்லை, போனிலேயே முடித்துவிட்டார்.

எனக்குப் படிப்பு இல்லையே தவிரக் கணக்கு விரல்நுனியில். டேப்பைப் பிடித்து அங்குலத்தில் அரைக்கால் பார்க்கிற கை. சானல் ஆபீசில் கணக்குப் பார்க்கும் பெண்ணைக் கேட்டு, தாளில் போட்டுப் பார்த்தேன். ஆறு தடவை போட்டுப் பார்த்தேன். சம்பந்தியம்மாள் ஒருவர் மட்டும் முன்போல் தன் ஒரே பட்டனை அழுத்திக்கொண்டிருந்தால், அந்த இரண்டு வாரமும் ஒன்று புள்ளி எட்டு வந்திருக்கும். சீரியலைத் தாங்கிக்கொண்டிருந்த ஒரு பலகை. அதை இன்னும் பலமாக்குகிறேன் என்று போய் உருவி எடுத்தவன் நான்.

கடைசி நாள் படப்பிடிப்பு மதியத்தோடு முடிந்தது. கதைக்கு முடிவுகூட இல்லை. மருமகள் வாசலில் நின்று திரும்பிப் பார்க்கிறாள், அவ்வளவுதான். என் ஆட்கள் தூணைக் கழற்ற ஆரம்பித்தார்கள். வசனக்கா மாடிப்படியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து அட்டையிலிருந்து தாள்களை எடுத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி, ஐந்து பட்டன், புது டிவி, நான் போட்ட கணக்கு, ஒன்றையும் விடவில்லை. என் வாழ்நாளில் நான் யாரிடமும் ‘என்னால கெட்டது’ என்று சொன்னதில்லை. அன்று சொன்னேன்.

வசனக்கா தாள்களை முனை சேர்த்துத் தட்டினார்.

“உங்க சம்பந்தியம்மா, நீங்க சொல்றதுக்கு முன்னாடி, தானா பாத்தாங்களா?”

“தானாத்தான்.”

“தினமுமா?”

“ஒரு நாள் விடாம.”

“ம்.” தாள்களைப் பைக்குள் வைத்தார்.

“வசனக்கா, மிச்சக் கதை எழுதின தாள் இயக்குநர்கிட்ட இருக்கு. நான் வாங்கித் தரேன். சாயங்காலம் நீங்களே அவருக்குப் படிச்சுக் காட்டலாம். நான் கேட்டா குடுப்பாரு.”

“அவருக்குக் கதை வேண்டாம்ணே” என்றார். கோபமே இல்லாமல் சொன்னார், அதுதான் தாங்கவில்லை. “இன்னொன்னு. இதை அவர்கிட்ட சொல்லிடாதீங்க. ஃப்ளோர் உங்களுதுங்கறதால, ஆறு வருஷமா இந்த வேலை உங்களாலதான் நிலைச்சுதுன்னு நெனச்சிட்டிருக்காரு. நெனச்சிட்டே இருக்கட்டும். புதுசா ஒருத்தரை வெறுக்க அவருக்குத் தெம்பு இல்லை.”

வசனக்காவுக்கு வேலை கிடைத்தது. நான் வாங்கித் தரவில்லை, அவர் பேருக்கே கிடைத்தது. வேறு சானலில் மத்தியான சீரியல். கண்ணாடி போட்ட சின்ன அறைக்குள் உட்கார்ந்து மைக்கில் சொல்வார், நடிகைகளின் காதுக்குள் போய் விழும். ஒருவர் கண்ணும் அசையாது. டிரைவர் ஒரு வாரம் உற்றுப் பார்த்தாராம். எட்டாம் நாள் அணைக்கச் சொல்லிவிட்டார். மதியத்துக்கு ஒரு பக்கத்து வீட்டு அம்மாளை ஏற்பாடு செய்திருந்தார்கள், ஃப்ளோர் தூரமாகிவிட்டதால்.

அடுத்த பத்து மாதத்தில் நான் நாலு தடவை அந்த வீட்டுக்குப் போனேன். ஒவ்வொரு தடவையும் அவர் இடது கையால் என் கையைப் பிடித்து, சொல் வராமல் திணறி, “ஆறு... வருஷம்... உங்க...” என்று நன்றி சொல்வார். வசனக்கா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

டிரைவர் போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. எழுதட்டுமா என்று போன மாதம் கேட்டேன். “எழுதுங்க, இனிமே என்ன?” என்றார் வசனக்கா. நாலு ஃப்ளோர் வைத்திருக்கிறேன், யாருக்கும் தலைகுனிந்ததில்லை. அந்த நாலு தடவையும் அந்த நன்றியை மறுக்காமல் வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தேன்.