கட்டிப்போட்ட வலது கை

பச்சைக் கட்டம் போட்ட லுங்கி அது. லண்டன் மனோர் பார்க் பகுதி அறையில் ஒரு வாரம், அதைக்கொண்டு என் வலது கையைக் கட்டில் சட்டத்தோடு கட்டிக்கொண்டு தூங்கினேன். முதுகலை படிக்க அங்கே வந்தவன் சொந்தமாகக் கண்டுபிடித்த ஒரே தொழில்நுட்பம். இரண்டாயிரங்களின் தொடக்கம், செல்போனில் பாம்பு வளர்த்த காலம்.

காரணம், கைக்கெட்டும் தூரத்துக் கட்டிலில் படுத்த அறைத்தோழர். யாழ்ப்பாணத்துக்காரர். என் வகுப்புதான், நாலு வயது மூத்தவர் என்பதால் எனக்கு அண்ணை. ஒரு காலை புருவம் வீங்கி எழுந்தார். "தம்பி, கனவிலை ஆரோடை சண்டை? அடி எனக்கெல்லே விழுந்திருக்கு" என்றார். எனக்கு ஒன்றும் நினைவில்லை. ஆனாலும் உடனே ஒப்புக்கொண்டேன். தேர்வு நெருங்கினால் நான் தூக்கத்தில் உளறுவேன் என்று வீட்டில் சொல்வார்கள். உளறுகிறவன் அடிக்கவும் கூடும் என்பது என் தர்க்கம். இரண்டு நாளில் அவர் உதடும் கிழிந்தது. எங்களுக்கு நேர்கீழே படுக்கும் வீட்டுக்காரர் என்னை மாடிப்படியில் நிறுத்தி, "இன்னொருக்கா தொம்மெண்டு சத்தம் கேட்டா, வேறை அறை பாருங்கோ" என்றார். தேர்வுக்குப் பத்து நாள். படுக்கவே பயம். லுங்கி வந்தது அப்படித்தான்.

ஏழாம் இரவு அந்தப் பயத்திலேயே விழித்துக் கிடந்தேன். அண்ணை சட்டென்று எழுந்து தரையில் பாய்ந்தார். போகிற போக்கில் நெற்றி மேசை முனையில் இடித்தது. குப்புறப் படுத்து, தலையை இரு கைகளாலும் மூடிக்கொண்டார். கண் திறக்கவேயில்லை. "படுங்கோ, எல்லாரும் படுங்கோ" என்றார், யாரிடமோ, மெதுவாக. எந்த வானத்துக்குக் கீழே அதைப் பழகினார் என்று கேட்கத் தேவையில்லை. தூக்கிவிட எழுந்தேன், கூடவே கட்டிலும் வந்தது.

கீழிருந்து குரல்: "ஆரது?"

"நான்தாங்க. கனவு" என்றேன்.

வீட்டுக்காரர் சொன்னபடியே, சனிக்கிழமை லூயிஷாமில் வேறு அறைக்கு மாறினேன். நெற்றியில் பிளாஸ்டரோடு அண்ணைதான் என் பெட்டியைப் படியிறக்கினார். "கோவமில்லைத் தம்பி. ஆனா டொக்டரிட்டைக் காட்டும். நாளைக்குக் கலியாணம் கட்டினா அந்தப் பிள்ளை பாவமெல்லே."

"காட்டுறேன் அண்ணை."

அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டதைப் பெருந்தன்மை என்று நெடுநாள் நம்பியிருந்தேன்; இந்த வயதில் பார்த்தால் வெறும் பயம். அந்தக் கனவைப் பற்றிப் பேச எனக்கு எந்த வார்த்தையும் தெரிந்திருக்கவில்லை. கிளம்பிய அன்று காலை அவர் குளிக்கப் போன நேரத்தில், மேசையை மட்டும் இழுத்து ஜன்னலோரம் போட்டேன்.